மலைவேம்புக்குப் பூசிய தார்

யுத்தம் முடிந்த சமயம், துறைமுகத்தில் படகுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். முகத்துவாரக்குப்பத்தில் என் மச்சான் தினமும் கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார். மலைக்காட்டிலிருந்து வந்த மலைவேம்பு அது. லேசான மரம், நீர் குடித்தால் கனத்துவிடும். தினமும் இந்தக் கூத்தா என்று எனக்கு எரிச்சல். மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்தபோது, இனி நீர் ஏறாதென்று, ஈரம் காயுமுன்பே மரங்களுக்குத் தார் அடித்துவிட்டேன்.

“இனிமே அவுக்கிற பேஜாரு இல்ல மாமு” என்று மகிழ்ந்தார்.

கோடையில் நடுக்கடலில் மரம் முறிந்தது. அவர் நீந்தி வந்தார். கூடப் போன அவர் தம்பி வரவில்லை. கரையொதுங்கிய துண்டை அழுத்தினேன். தாருக்கடியில் சோறாய்க் குழைந்திருந்தது.

“பழைய மரம் மாமு, இன்னா பண்றது” என்றார் மச்சான்.

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.