மீன் தொட்டி லைட்டும் நானும்

கலர் மீன் கடைக்காரனிடம் மீன் செத்தால் வருத்தத்தோடு வருவார்கள். தொட்டி லைட் எரியவில்லை என்றால் சண்டைக்கே வருவார்கள். தென்காசியில் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தொட்டி வைத்து அவதிப்படும் உங்களுக்கு இது தெரியாததா?

சந்தேக நபர்

அச்சன்புதூரிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீ குடுத்த மீனு கடிக்குது. தொட்டிக்குள்ள கைய விட்டாலே சுருக்குங்குது."

நான் கொடுத்தவை கோல்டு ஃபிஷ். அவற்றுக்குக் கடிக்கத் தெரியாது. நேரில் போனால், முட்டைக்கண் கருப்பு மீன் ஒன்று மட்டும் தனி வாளியில் கிடந்தது. முழிக்கிற முழி சரியில்லை என்று பிடித்துப் போட்டிருக்கிறார்!

தண்ணீரில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மூடியிலிருந்த லைட்டின் வயர் தோல் உரிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏட்டையா வெறுங்காலோடு நின்று கைவிட்டால் கரண்டு அவர் வழியாகத் தரைக்கு இறங்கும். உள்ளேயே மிதக்கிற மீனுக்கு ஒன்றும் தெரியாது. லைட்டைக் கழற்றிவிட்டு, "இனிமே பிளக்கைப் பிடுங்காம கைவிடாதீங்க" என்றேன். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வீஸ்ல ஒரு நிரபராதியக்கூட உள்ள போட்டதில்லலே. ரிட்டையர்டு ஆனபிறகு இப்படி ஆயிப்போச்சே!"

துண்டு காயுது

குற்றாலத்தில் நான் தொட்டி வைத்துக் கொடுத்த ஒரு லாட்ஜ். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள், வரவேற்பறைத் தொட்டியின் லைட் மூடி இளஞ்சூடாக இருக்கிறதே என்று ஈரத்துண்டை அதன்மேல் காயப்போடுகிறார்கள். தண்ணீர் வயர் வழியே வழிந்து நேராக பிளக் போர்டுக்குள் போகிறது. கரண்டு கசிந்தால் தானாக நிறுத்துகிற டிரிப்பர் இருந்தது. அடிக்கடி நிறுத்துகிறதே என்று அதன் இணைப்பையே எடுத்துவிட்டிருந்தார் மேனேஜர்.

போர்டை உயரத்தில் மாட்டி, டிரிப்பரை மறுபடி இணைக்க வைத்தேன். மேனேஜர் சலித்துக்கொண்டார்.

"கரண்டு போனா கஸ்டமர் என்னையத்தான் ஏசுதான் அண்ணாச்சி. ஷாக் அடிச்சா கரண்டு ஆபீஸத்தானே ஏசுவான்!"

கீழே விழுந்தவர்கள்

செங்கோட்டையில் தையல் கடை நடத்தும் ஒரு அம்மா வீட்டில் தொட்டி லைட் மாற்றப் போனேன். "சுவிட்ச் ஆஃப் பண்ணியாச்சா?" என்றேன். "பண்ணியாச்சு அண்ணாச்சி" என்றார். அவர் அணைத்தது தொட்டிக்குக் காற்று அனுப்பும் மோட்டாரின் சுவிட்ச்.

ஹோல்டரைத் தொட்டதும் கை ஒட்டிக்கொண்டது. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. பிள்ளைகள் முகம்தான் கண்முன் வந்தது. நல்லவேளை, அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே ஓடிப்போய் மெயினை அணைத்தார். மூடியோடு தரையில் விழுந்தேன். தெறித்த தண்ணீரோடு ஒரு மீனும் வந்து பக்கத்தில் விழுந்தது. அவர் ஓடிவந்தார். குனிந்தார். மீனை இரண்டு கையிலும் பதமாக அள்ளித் தொட்டியில் விட்டார்.

"ஏம்மா, நானும் கீழதானே கிடக்கேன்" என்றேன்.

"நீங்க மூச்சு விடுதீங்கள்லா அண்ணாச்சி, அதுக்கு முடியாதுல்லா!"

இத்தனை வீடுகளில் லைட் மாட்டியும், மீனுக்குச் சளி பிடித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, கரண்டுக்குப் பயப்படுகிற ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.