காணாமல் போன ஒப்பாரி

லேபர் கேம்ப் என்கிற குடிசைப் பகுதியில் எங்களுக்கு ஒரே அறை. கீழே தோல் பை தைக்கும் பட்டறை. இரும்பு ஏணியில் ஏறி வரவேண்டும். மதியம் ஒரு மணிக்குப் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திச் சாப்பிடப் போவார்கள். மாமியாரும் மூலையில் கண்ணயர்ந்துவிடுவார். அந்த நேரத்தில் ரஜாய் மெத்தைப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கிதாரை மடியில் வைத்து, மெல்லிய குரலில் பாடி போனில் பதிவு செய்வேன். பேரும் முகமும் இல்லாமல் நெட்டில் ஏற்றுவேன்.

அன்று பாடியது ஒப்பாரி. புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுவதாக நானே கட்டியது. சளி பிடித்த குரலும் தகரத்தில் விழுந்த மழையும் தானாகச் சேர்ந்துகொண்டன. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்று எனக்கு அமைந்ததே இல்லை.

ரஜாயை விலக்கினால் அத்தை உட்கார்ந்திருக்கிறார். "ஏ பிள்ள, ஆம்பள உசுரோட இருக்க வீட்ல என்ன பாட்டு பாடுத நீ?" சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடமும் புலம்பினார். "விடும்மா, எந்தக் காலத்துல இருக்க?" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் பதிவைக் காணோம். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலும் இல்லை. திரையில் மஞ்சள் கறை. அத்தைக்கு சீரியல் போட மட்டும்தான் தெரியும், என் கையும் சமையல் கைதான் என்றெல்லாம் யோசிக்க எனக்கு ஏது பொறுமை? போனுக்குப் புது பூட்டு போட்டேன். டீயை டொக்கென்று வைத்தேன். அத்தை சாமி படத்துக்கு முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றால்கூட, பாவத்தைக் கழுவுகிறார் என்று நினைத்தேன்.

அத்தையோடு நாலு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் வீட்டுக்காரரிடம் வெடித்துவிட்டேன். "எம் பாட்ட எதுக்கு அழிச்சாங்கன்னு உங்க அம்மாட்ட கேளுங்க!"

"அம்மா இல்ல. நாந்தான்," என்றார். "உன் குரல்ல அதக் கேக்க முடியலட்டி."

பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். சாதாக் கட்டி என்று என்னிடம் சொல்லியிருந்த அவர் கழுத்துக் கட்டியில் ஆஸ்பத்திரியில் சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்து ரெண்டு நாளாகிறதாம். பிரிக்கவில்லை.

வாங்கிக்கொண்டேன். ஒரு பாட்டுக்காக நாலு நாள் துப்பறிந்தவளுக்கு அதைப் பிரிக்கக் கை வரவில்லை. பயம். வெட்கமும்தான். வாசலில் போய் நின்று, "அத்தே, கொஞ்சம் மேல வாங்க," என்றேன்.

நிரம்பாத குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு, ஈரக் கையோடு ஏணி ஏறி வந்தார்.