பாசிக்குடாவில் கல்மீன் குத்திய நாள்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அக்கா ஜெயா, நாற்பத்தாறு வயது வரை கடலைப் பார்த்ததில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் விடுமுறை. கிழக்குக் கடலும் அப்போது அமைதியாக இருக்கும். பாசிக்குடாவுக்கு ஒரு நாள் போய்வர முடிவு செய்தோம்.

பதுளை நிசார் நானாவின் வேன்; அவரே ஓட்டினார். வாடகை டீசலோடு முப்பத்தைந்தாயிரம் ரூபாய். காலை நாலரைக்குப் புறப்பட்டு பசறை, பிபிலை, மகா ஓயா வழியாக ஏறக்குறைய 175 கிலோமீட்டர். (பிபிலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் கடைகள் குறைவு.) ஒன்பதரைக்குக் கடல். அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே தண்ணீருக்கு நடந்தாள்.

மணற்கரையில் கூட்டம். அதனால் தள்ளி, பவளப்பாறை தொடங்கும் ஆழமில்லாத பக்கம் போனோம். "செருப்பைக் கழட்டுக்கா, தண்ணி இழுத்துட்டுப் போயிரும்" என்றேன். தவறு என்னுடையதுதான்.

பத்தடி போயிருப்பாள். அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்காலில் மூன்று சிறிய துளைகள். அவள் மிதித்த இடத்தில் பாசி பிடித்த கல் ஒன்றுதான் கிடந்தது. பிறகு அந்தக் கல் மெல்ல வாயைத் திறந்து மூடியது.

"கொழுந்து எடுக்கையில குளவி கொட்டினதெல்லாம் ஒண்ணுமில்லடி, உயிர் போகுது" என்று அழுதாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடி வந்தார். "கல்மீன் குத்திட்டுது. முதுகு முள்ளில விஷம். சுடுதண்ணி இருக்கா?"

நிசார் நானா பிளேன்டீக்காக பிளாஸ்கில் சுடுதண்ணீர் வைத்திருந்தார். வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்தார். "தாங்குற சூடுதான். கால வைங்க தங்கச்சி." கொஞ்ச நேரத்தில் அலறல் முனகலானது. வாளியோடு அவளை வேனில் ஏற்றினோம். இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

"அந்தப் பாறையில வெறுங்காலோட யாராவது இறங்குவாங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, "நானேதாங்க செருப்பைக் கழட்டினேன்" என்றாள். நான் வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

ஓரிரவு வைத்திருந்தார்கள். வீக்கம் வடிய மூன்று வாரம் ஆனது. அதுவரை அவள் வேலைக்குப் போகவில்லை.

போகிறவர்கள் மணலிலேயே குளியுங்கள். பாறைப் பக்கம் போனால் தடித்த அடியுள்ள சப்பாத்து (ஷூ) வேண்டும். அப்போதும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். குத்திவிட்டால் காயத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். தாங்கும் சூட்டுத் தண்ணீரில் காலை வைத்தபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூட்டை அடிபடாத ஆள் தொட்டுப் பார்க்கட்டும்; வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது.

தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் காலைப் பார்க்கத்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டு ராணி மட்டும், "கடல் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரம் பேசினாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.