பக்கத்துக்கு ஒரு கையெழுத்து

“அமெரிக்காக்காரி எழுதினா படமாகும். நீ எழுதினா யாரு பாப்பாங்க?” என்று மாமா ஒருமுறை கேட்டார். பர்மாவில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில், எங்கள் வீட்டு வாசலில் தன் டாக்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனில் ஓர் அமெரிக்க நாவலாசிரியையின் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய முதல் நாவல் படமானபோது திரைக்கதையை வேறொருவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த படங்களுக்கெல்லாம் அவரேதான். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. முதல் ஒப்பந்தத்தில் ஏதோ இருந்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலிருந்தே தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவின் வாடகைப் பத்திரத்தில், கையெழுத்தில்லாத முதல் பக்கத்தை வீட்டுக்காரர் மாற்றிவிட்டார். இரண்டு வருடம் என்றிருந்தது ஆறு மாதமானது. அதிலிருந்து, எல்லாப் பக்கத்திலும் கைநாட்டு வைக்காமல் நான் யாரையும் விட்டதில்லை.

போன மாதம், நான் இணையத்தில் பர்மிய மொழியில் எழுதிய தொடர்கதையைப் படமாக்க ஒரு நிறுவனம் கேட்டது. திரைக்கதையையும் நானே எழுதலாம் என்று போனில் சொன்னார்கள். நகரத்தின் மேற்கே க்யிம்யிண்டைங்கில் ஒரு டீக்கடைக்கு அவர்களுடைய மேலாளர் ஒப்பந்தத்தோடு வந்தார். நடுத்தர வயதுப் பெண். ஒப்பந்தம் நான்கு பக்கம். கையெழுத்துக்கு இடம் கடைசிப் பக்கத்தில் மட்டும். இரண்டு முறை படித்தேன். திரைக்கதை பற்றி ஒரு வரிகூட இல்லை.

“அதுக்கு வாய்ச்சொல்லு போதாதா, ஞீமலே?” என்று, சொந்தத் தங்கையிடம் பேசுவதுபோலக் குழைந்தார்.

மூன்றாம் பக்கத்தில் ‘திரைக்கதை’ என்று எழுதி, எதிரே என் பெயரைச் சேர்த்தேன். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவரையும் போடச் சொன்னேன்.

“எங்க மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்லக்கா.”

டீயை அப்படியே வைத்துவிட்டார். “முதலாளிகிட்ட கேக்கணும்” என்று காகிதத்தை எடுத்துப் பைக்குள் திணித்தார். அதற்குள் எல்லாப் பக்கத்தையும் நான் போட்டோ எடுத்திருந்தேன்.

இரண்டு வாரமாகப் பதில் இல்லை.

“என்னம்மா, அமெரிக்காவுக்கு டிக்கெட் போட்டாச்சா?” என்றார் மாமா.

“நீங்க டாக்சிக் கண்ணாடியத் தொடைங்க மாமா.”

திரைக்கதையின் முதல் மூன்று காட்சிகளை எழுதி முடித்துவிட்டேன். பதினோரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருக்கிறது.