சின்ன வளையம்

அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த வருஷம் அது. அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம். பத்தாம் வகுப்புப் பாதியில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் மட்டும் தினமும் கணக்கு டீச்சரிடம் அடி வாங்க வேண்டும். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையணை உறையில் பூத்தையல் போடுவாள். அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடைகளைச் சின்னதாக்கி எனக்குக் கொடுத்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

பூத்தையலுக்கு மர வளையம் வாங்க அம்மா எங்களைப் போடி கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் நான் அழுததில் எனக்கும் ஒன்று என்று முடிவானது. கடைக்காரர் ஒரு கட்டு வளையங்களை அவிழ்த்துப் போட்டதும், இருப்பதிலேயே பெரியதை, வார்னிஷ் பளபளத்ததைப் பாய்ந்து எடுத்துக்கொண்டேன். அக்கா அவசரப்படவில்லை. உள்வளையத்தை வெளிவளையத்துக்குள் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தாள். சிலாம்பு குத்துகிறதா என்று விளிம்பைத் தடவினாள். திருகாணியை முடுக்கித் தளர்த்தினாள். கடைசியில் எடுத்தது உள்ளங்கையை விடக் கொஞ்சமே பெரியது.

"ஏண்டி, இம்புட்டுப் பெருசு ஒனக்கு எதுக்கு? நடுவுக்குக் கையே எட்டாது" என்றாள் அம்மா. அதையும் அக்காவுக்கே கொடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், என் வளையத்தில் துணி தொட்டில் மாதிரித் தொங்கியது. அக்கா பழைய வேட்டியில் நீளமாக ஒரு துண்டு கிழித்துத் தன் உள்வளையத்தில் சுற்றினாள். அதன்மேல் துணியை விரித்து முடுக்கினாள். விரலால் சுண்டினால் டொம்மென்று அதிர்ந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அவள் தைத்த ரோஜாவைத் தடவிப் பார்த்தார்கள். என்னுடையதைப் பார்த்த சித்தப்பா, "இது என்ன, முட்டைக்கோசா?" என்று கேட்டார்.

அது போதாதென்று, அம்மா கண்ணயர்ந்த மத்தியானங்களில் அக்கா தைத்த பூவையே ஊசிமுனையால் பிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு குறையும் இல்லாத பூ. இன்னும் அழகாகத் தைத்து இன்னும் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒறைய வெரசா முடிச்சிரு ஆத்தா. அது முடியவும் நாள் குறிக்கணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சிர்றேம்மா" என்பாள் அக்கா, தலை நிமிராமல்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அந்தச் சின்ன வளையத்த எனக்குத் தாக்கா."

"இந்தச் சோலி முடியட்டும். நீயே வச்சுக்க."

"எப்ப முடியும்?"

அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக உறையைப் பார்த்தேன். பூ கூடியிருந்தால் சந்தோஷம். குறைந்திருந்தால் அவளோடு பேசமாட்டேன்.

பிறகு அம்மாவும் ஊசி எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எந்தப் பூவும் பிரியவில்லை. கடைசி இலை முடிந்த சாயங்காலம் அக்கா திருகாணியைத் தளர்த்தினாள், துணியைக் கழற்றி மடித்து அம்மாவிடம் கொடுத்தாள், வளையத்தை என் கையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள்.

எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கேட்கப் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வளையம் கைவிட்டுப் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எங்கே திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.