வெள்ளைத் தோல் அட்டையில் ஒரு பொட்டு

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தைய ஆண்டு, மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பழைய பங்களாவில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அக்காவுக்கு அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை. எங்கள் இருவர் வயிறும் அந்தப் பங்களாவை நம்பித்தான் இருந்தது.

டச்சுக்காரர் காலத்துப் புத்தகங்கள் அங்கே பெட்டி பெட்டியாகக் கிடந்தன. அவற்றுக்குப் பட்டியல் போட, பங்களாவை நடத்திய கமிட்டி ஒரு ஜெர்மன்காரரை வரவழைத்திருந்தது. கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர், அவற்றைக் கல்லூரியில் கற்பித்தவர், பெரிய நூலகம் ஒன்றை ஆண்டவர் என்று பேச்சு. வந்து இறங்கியவரோ ஒட்டுப்போட்ட கோட்டும் ஒரு தகரப் பெட்டியுமாக நின்றார். இந்த ஆளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் அந்த நொடிப்பு அடங்கிப்போனது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் கார்டில் தட்ட வேண்டும். நூலின் பெயர், அச்சான ஊர் மட்டுமா? பூச்சி அரித்த துளை எத்தனை, மெழுகு சொட்டியது எந்தப் பக்கத்தில், ஓரத்தில் கிறுக்கியவன் கை நடுங்கியதா என்பதுவரை சொல்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கறையை எல்லாமா எழுத வேண்டும் என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன்.

"இந்தப் புத்தகம் யார் யார் கையில் இருந்தது என்று வேறு எப்படித் தெரியும்?" என்றார், கோபமே இல்லாமல்.

தேநீர் வேளைகளில்தான் அவர் கதை துண்டு துண்டாக வந்தது. சில நூல்களை அலமாரியிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டது, இவர் மறுத்தார், பதவி போயிற்று. ஓர் அச்சகத்தில் தரை கூட்டிப் பிழைத்தார். பிறகு போரில் குண்டு விழுந்து நூலகமே சாம்பலானது. போர் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, எந்த அலமாரியில் எந்த நூல் இருந்தது, அதில் என்ன கறை இருந்தது என்று நினைவிலிருந்தே எழுதத் தொடங்கினார். தகரப் பெட்டியில் இருந்தது அந்த நோட்டுதான். அதைக் காட்டிய அன்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். முந்தாநாள் வைத்த குழம்புகூட எனக்கு நினைவில் நிற்காது.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாலை, அவர் போன பிறகு, டைப்ரைட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேஜையில், அங்கிருந்தவற்றிலேயே பழைய புத்தகம் கிடந்தது. வெள்ளைத் தோல் அட்டை போட்டது. அதை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, மேலே குங்குமமிட்டு, கும்பிட்டுவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்பினேன்.

பூஜையன்று புத்தகத்தைத் தொடமாட்டோம் என்று நான் வீட்டிலேயே இருந்தேன். அவருக்கு அது தெரியாதே, வழக்கம்போல் வேலைக்கு வந்துவிட்டார். பங்களாவைப் பெருக்கப் போன அக்கா ஓடி வந்தாள்.

"பெரிய சூசாவா, வம்பா போச்சுடி! ஈரத்துல செவப்பு தோலுக்குள்ள எறங்கிருச்சு. அந்த மனுசன் தொடச்சுப் பாத்தாரு, போகல. அப்படியே ஒக்காந்துட்டாரு. ரெண்டு பேரு வேலைக்கும் ஒல வச்சிட்டியே!"

கமிட்டிச் செயலாளர் மன்னிக்கிற ஜாதி இல்லை. வேலை போவதைவிட, அத்தனை புத்தகத்தைப் பறிகொடுத்தவர் கையில் இருந்த புத்தகத்தையே கெடுத்தேனே என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் காலை அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் செய்தாய்?"

"கெடுக்கச் செய்யவில்லை. வருஷத்தில் ஒரு நாள் புத்தகத்தைக் கும்பிடுவோம். தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவ்வளவுதான்."

அவர் தம் ஊர்ச் சதுக்கத்தில் புத்தகங்களை அள்ளிவந்து கொளுத்திய கதையைச் சொன்னார். கொளுத்தியவர்களில் பாதிப் பேர் அவருடைய வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

"உட்கார். தட்டு," என்றார்.

தட்டினேன். துளைகள் மூன்று. மெழுகுக் கறை ஒன்று. அடுத்து, மேல் அட்டையில் சந்தனமும் குங்குமமும், மலாக்காவில், புத்தகத்தை வணங்கிய ஒருவரால் இடப்பட்டவை. "யார் என்று இருக்க வேண்டும்," என்று சொல்லி, என் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னார். என் பெயர், அந்தப் புத்தகத்தின் கார்டில்! கண்ணீர் மறைத்து இரண்டு எழுத்தைத் தப்பாகத் தட்டினேன்.

கார்டை வாங்கி ஊதி வைத்துவிட்டு, தகரப் பெட்டியைத் திறந்து அந்த நோட்டை என் முன்னால் வைத்தார்.

"இதற்கும் ஒன்று வைப்பாயா?"

சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தேன். வாசலிலேயே அக்கா மறித்தாள்.

"என்னாடி, வேலை போச்சா?"

"வழிய விடுக்கா. குங்குமச் சிமிழ் எங்க?"