முக்கால் மணி நேரக் குதிரை

குதிரை என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து வரும் கிழட்டுக் குதிரையைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வாயில்லா ஜீவன் உன்னை என்ன செய்தது என்று கேட்பார்கள். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அதை வைத்து எங்கள் வீட்டில் நடந்ததுதான் இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. வீடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டினார். கிளம்பினால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் வேலை. காருக்குள் போகிற ஏதோ ஒரு சின்னப் பெட்டி பெல்ட்டில் நகர்ந்து வரும், அதில் ஒயர் சொருக வேண்டும். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அவர் அதே கம்பெனியின் பெரிய அதிகாரிக்குக் கார் ஓட்டினார். அதிகாரி வெளிநாட்டுக்காரர். மாமாவுக்கு அவர் 'நம்ம சார்'. சார் தும்மினால் மாமா மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அம்மா கான்ட்ராக்ட். அடையாள அட்டை தொங்கும் கயிறு ஆரஞ்சு நிறம். பெர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலம். அம்மாவோடு அதே லைனில் நின்ற எதிர்வீட்டு அக்கா நீலக் கயிறு வாங்கிய பிறகு, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வரும்போதும் அதைக் கழற்றியதில்லை. அந்த வருஷ ஆயுத பூஜைக்குள் அம்மாவுக்கும் நீலம் வந்துவிடும் என்று மாமா அடித்துச் சொல்லியிருந்தார். வந்துவிட்டால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயம் போய்விடும். தெருமுனையில் நிற்கிற கம்பெனி பஸ்ஸில் அம்மாவும் ஏறலாம். என் படிப்புக்கும் கம்பெனியே ஏதோ கொடுக்குமாம். அந்த நீலக் கயிற்றைக் கனவிலேயே நான் எத்தனையோ முறை அம்மா கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

முந்தின வருஷ ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விட்டார்கள். பொரி, கடலை, ஒரு எவர்சில்வர் டப்பா. அம்மா தான் நிற்கிற இடத்தைக் காட்டினாள். தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தார்கள். ஷிஃப்ட் முடியும்வரை அதன் மேல்தான் நிற்க வேண்டும். நான் அதில் ஏறி நின்று பார்த்தேன். எங்கள் அம்மாவுக்கென்று தனியாக இடம் வரைந்து வைத்திருக்கிறார்களே என்று பெருமையாக இருந்தது. சுற்றுமுற்றும் ஒரு நாற்காலிகூட இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்கிற முதல் காரியம், தரையில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைப்பது. குதிகால் பட்டுப் பட்டுச் சுவரில் இரண்டு இடம் கறுத்திருந்தது. கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பசேலென்று சுருண்டு கிடக்கும். இப்போது நான் வேறொரு கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸ். அதே மாதிரிக் கால்கள் தினமும் என்னிடம் வருகின்றன. ஸ்ப்ரே அடித்து உடனே லைனுக்கு அனுப்பு என்பது எனக்கு உத்தரவு. இன்றும் அப்படி ஒருத்தியை அனுப்பிவிட்டு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சாரின் மகள் குதிரையேற்றம் படித்தாள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி உள்ளே போனால் அதற்கென்று ஒரு கிளப். அந்த வாரம் அவளுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. கட்டிய பணம் திரும்பாது என்பதால், உன் வீட்டுப் பிள்ளை யாராவது போகட்டும் என்று சார் போகிற போக்கில் சொல்லிவிட்டார். மாமா வந்து அதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால், சார் சொத்தில் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டாரோ என்று இருந்தது.

"பீச்சுல இட்டுகினு போற குதிரன்னு நெனச்சிக்காத அக்கா. வெளிநாட்ல டான்ஸ் கத்துகினு ப்ளேன்ல வந்த குதிர. நானே இன்னும் ப்ளேன்ல குந்தல."

ஒரு வகுப்புக்கு எவ்வளவு என்பதையும் சொன்னார். அம்மா வெண்டைக்காய் அரிவதை நிறுத்திவிட்டாள்.

"அடப்பாவி, அது என் பாதி மாச சம்பளம்டா."

நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். குதிரையில் பறக்கப் போகிறேன், போட்டோவோடு வருகிறேன் என்று. என் பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவள் மூஞ்சியில் காட்டுவதற்காகவே அந்தப் போட்டோ எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஓவர்டைம் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் எங்களோடு வந்தாள். மாமா டிரைவர் வெள்ளை யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஏறப்போவது அவர்தான் என்று வாட்ச்மேன் நினைத்திருப்பான்.

குதிரைகளுக்கு ஆளுக்கொரு அறை. அறைக்கொரு மின்விசிறி. தரையில் தடியான ரப்பர் விரிப்பு. அம்மா குனிந்து அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். இது எதுக்கு சார் என்று கேட்டாள். கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் சென்னைக்காரர், தன்மையாகப் பேசுகிறவர்.

"வெறும் சிமென்ட்ல நின்னா கால் வீங்கிடும்மா. கால்தானே அதுக்கு எல்லாம்" என்றார்.

அவர் காட்டிய நாற்காலியில் அம்மா உட்காரவில்லை. "இருக்கட்டும் சார், நின்னே பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குதிரை செம்பழுப்பு. உடம்பில் எண்ணெய் பூசியதுபோல் பளபளப்பு. அது படித்திருந்த வித்தைக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயராம். தாளம் தப்பாமல் நடக்கும், பக்கவாட்டில் நடக்கும், நின்ற இடத்திலேயே நடக்கும். சவாரிக்காரர் வாயைத் திறக்க வேண்டாம், இடுப்பை லேசாக அசைத்தால் போதும், புரிந்துகொள்ளும். ஈ உட்கார்ந்தால்கூடத் தெரிகிற தோல், அதனால் பதமாக உட்கார் என்று மாஸ்டர் சொன்னார். எனக்கு எது காதில் ஏறியது? ஏறி உட்கார்ந்ததும் சினிமாவில் பார்த்ததுபோல் இரண்டு காலாலும் விலாவில் ஓங்கி ஒரு உதை விட்டேன். உயரத்தைப் பார்த்துப் பயம் வந்ததும் கடிவாளத்தை இறுக்கி இழுத்துக்கொண்டேன்.

குதிரை ஓடவில்லை. நிற்கவும் இல்லை. இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்து ஜதி போட ஆரம்பித்தது. ஒரு முழம் முன்னால் போகவில்லை. நான் மறுபடி உதைத்தேன், மறுபடி இழுத்தேன். அது இன்னும் உயரமாகக் காலைத் தூக்கி ஆடியது. மாமா கை தட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"காலால போன்னு சொல்ற, கையால நில்லுன்னு சொல்ற. பாவம், அது ரெண்டையும் கேக்குது" என்றார் மாஸ்டர். பிறகு, "கோவமா இருக்கியாம்மா? தொடை இறுகுது பாரு. அதுக்குத் தெரியுது" என்றார்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே நடந்தார். மூச்சு விடு, தோளை இறக்கு, முழங்காலை விடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் எப்படியோ என் உடம்பு தளர்ந்ததும், குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு நடந்தது. படகில் போவது போல இருந்தது. வேலிக்கு வெளியே அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல்தான் ஓட்டம், இனிமேல்தான் போட்டோ என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் மாஸ்டர் குதிரையை நிறுத்திவிட்டார்.

"அவ்ளோதான். முக்கால் மணி ஆச்சு, இறங்கு."

மாமா ஓடி வந்து கெஞ்சினார். "இன்னும் அஞ்சே நிமிஷம் சார். கொயந்த ஆசப்படுது. ஒரே ஒரு ஓட்டம், போட்டோ எடுத்துக்கறோம்."

மாஸ்டர் அசையவில்லை. "முக்கால் மணிக்கு மேல வேல வாங்கக் கூடாது. கால் போயிடும்." அதற்குள் ஒரு ஆள் வந்து குதிரையின் கால்களுக்குக் குழாயில் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டான்.

அம்மா அப்போதுதான் வேலியை விட்டு உள்ளே வந்தாள்.

"அடுத்து எப்போ சார் இதுக்கு வேல?"

"நாளைக்கு லீவு. நாளன்னிக்குக் காலைல. வெயில் ஏறிட்டா வெளிய விடமாட்டோம்."

"ரெஸ்ட் வேணும்னு அது கேக்குமா சார்?"

"அது ஏம்மா கேக்கணும்? நாமதானே பாத்துக்கணும்."

அம்மா சிரித்தாள். புன்னகை இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வேலியில் சாய்ந்து சிரித்தாள். குதிரை காதைத் திருப்பியது. அங்கிருந்த பணக்காரப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ஓடாத குதிரை, ஓட்டவும் விடாத மாஸ்டர், இதில் பைத்தியம் மாதிரிச் சிரிக்கிற அம்மா! மாமா எடுத்த ஒரே போட்டோவில் நான் வேப்பங்காயைக் கடித்தவள் மாதிரி இருந்தேன். அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகவில்லை. பெஞ்சுக்காரி என்னைப் 'பொய்க்கால் குதிரை' என்று கூப்பிட்டாள்.

அந்த வாரத்திலேயே அது நடந்தது. எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்கு முழுசாகத் தெரியும். டீ இடைவேளை முடிந்து எல்லாரும் லைனுக்குத் திரும்பியபோது அம்மா சூப்பர்வைசரிடம் போய், எங்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்கிறோம், வேலை குறையாது என்று கேட்டிருக்கிறாள். அவன் முடியாது என்றதும் விடாமல், "நம்ம சார் பொண்ணு ஏறுற குதிரைக்கு முக்கா மணி நேரம்தான் சார் வேல. அப்புறம் கால்ல தண்ணி ஊத்துறாங்க. நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

அதற்கு அந்த சூப்பர்வைசர், "அந்தக் குதிர வெல இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டானாம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்களாம்.

அம்மா தன் இடத்துக்குப் போனாள். அந்த மஞ்சள் பாதங்களின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒயர் சொருக வேண்டிய பெட்டிகள் தலைக்கு மேலே வரிசையாகப் போயின. லைன் நின்றது. லைன் நின்றால் அந்தக் கம்பெனியில் எச்சரிக்கையாக ஐஸ் வண்டிக்காரன் மணி போல ஒரு பாட்டு கேட்கும். அது பாடிக்கொண்டே இருக்க, அம்மா உட்கார்ந்துகொண்டே இருந்தாள். கூட நின்ற ஒருத்தியும் உட்காரவில்லை. அத்தனை பேருக்கும் அதே கால்வலி, அதே நரம்பு. நீலக் கயிறு போட்ட எதிர்வீட்டு அக்காவும் நின்றுகொண்டுதான் இருந்தாள். சூப்பர்வைசர் அவன் சம்பளத்துக்குக் குரைத்தான், போகட்டும். ஆனால் இவர்கள் நின்றதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கான்ட்ராக்ட்காரன் வந்து ஆரஞ்சுக் கயிற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான். ஷிஃப்ட் பாதியில் கான்ட்ராக்ட் பஸ் ஏது? அம்மா ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எந்நாளும் போலக் காலைச் சுவரில் வைத்துப் படுத்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

சாயங்காலம் மாமா வந்து குதித்தார். தன் வேலைக்கும் வேட்டு வைத்துவிட்டாள் என்று கத்தினார்.

"குதிரையும் மனுசனும் ஒண்ணாக்கா? சார் காதுக்குப் போனா என் கதி இன்னா? நாலு வாரம் பொறுத்துகினு நின்னிருந்தா கையில நீலக் கயிறு!"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நீலக் கயிறும் போய், தெருமுனை பஸ்ஸும் போய், குதிரை போட்டோவும் போன ஆத்திரம். மாமாவை விட உரக்கக் கத்தினேன்.

"அதுக்குத்தான் ரெஸ்ட் குடுப்பாங்க. நீ இன்னா குதிரையா?"

அம்மா தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"குதிரையா இருந்தா நான் எதுக்குடி கேக்கப் போறேன்?"

மாமா சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஒன்று கேட்டால் அம்மா வேறொன்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.